மறுதரம் நிறுத்துப் பார்க்கலாமா?

ஒரே சேர்வர் கணினியைப் பல கணினிகளாகப் பிரித்து இயக்கும் மென்பொருளை விற்க வருபவர், "வேகம் குறையாது" என்பார். வியாபாரிகளான நாம் பிறர் சொன்ன நிறையை நம்பிச் சரக்கு எடுப்பதில்லை; நமது தராசில் மறுதரம் நிறுத்துப் பார்க்கிறோம். இங்கும் அதுவே வழி.

2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழுவினர் 'ஸென்' என்ற திறந்த மூல மென்பொருளை வெளியிட்டு, அதில் பிரித்த கணினியும் நேரடி லினக்ஸுக்கு நெருங்கிய வேகத்தில் இயங்குவதாக அளந்து காட்டினர். மூலநிரல் எவருக்கும் கிடைத்ததால், அமெரிக்காவின் கிளார்க்சன் பல்கலைக்கழகத்தார் அதே சோதனைகளைத் தாமே செய்து, அக்கூற்று சரியென 2004இல் அறிவித்தனர். பழைய கணினியொன்றிலும் ஓட்டிப் பார்த்தனர். விஎம்வெயார் ஈஎஸ்எக்ஸுடன் ஒப்பிட்டு வெளியிடவோ ஸென் குழுவினரால் முடியவில்லை. அதன் உரிம ஒப்பந்தம் இடந்தரவில்லை.

ஆகவே, விற்க வருபவரிடம் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். எந்தக் கணினியில் அளந்தீர்கள்? என்ன வேலை கொடுத்தீர்கள்? அதையே எனது கடையில் செய்து பார்க்கலாமா?

உங்கள் பில், இருப்புக் கணக்கு வேலைகளை நேரடியாகவும் பிரித்த கணினியிலும் பலமுறை ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிரிவுகளும் ஒன்றாக இயங்கும் மாத முடிவில்தான் உண்மை நிறை தெரியும்.