என்.சி.சி.யும் படிப்பும்



"பரேடுக்குப் போனால் படிப்பு கெடும்" என்று, கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்த பிள்ளைகளைப் பாதியில் நிறுத்தும் பெற்றோர் நம்மூரிலும் உண்டு. கொஞ்சம் பொறுங்கள்.

மூன்றாம் ஆண்டில் எழுதும் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு பெற்றவர்கள், எழுத்துத் தேர்வின்றியே இராணுவ அதிகாரிப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். எஸ்.எஸ்.பி. நேர்காணலிலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறி, தரவரிசையில் இடம்பிடித்தால் சென்னை பரங்கிமலையில் பயிற்சி. பெண்பிள்ளைகளுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது.

ஆனால் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் இல்லாவிட்டால் அந்தச் சான்றிதழ் இதற்கு உதவாது. ஆகவே இரண்டும் வேண்டும். பத்து நாள் முகாம் என்றால் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லட்டும். விடுபட்ட பாடத்தைத் திரும்பிய வாரமே மஃரிபுக்குப் பின் படித்து முடிக்கட்டும். அந்த வாரம் வீட்டு வேலைகளை நாம் பார்த்துக்கொள்வோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வெற்றி தருவானாக. ஆமீன்.