கிளாட் தேர்வில் மதிப்பெண் எங்கே போகிறது?

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புக்கான கிளாட் தேர்வில் மதிப்பெண் ஏறாவிட்டால், குறை பெரும்பாலும் சட்ட அறிவில் இல்லை, வாசிப்பில்தான். 2 மணி நேரத்தில் 120 கேள்விகள். பெரும்பாலானவை பத்திகளை ஒட்டி வருபவை. சட்டப் பகுதியில்கூட விதியைப் பத்தியே தந்துவிடுகிறது. அதைப் புதிய சூழலுக்குப் பொருத்துவதே மாணவரின் வேலை. சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்வது இங்கே கைகொடுக்காது.

மாதிரித் தேர்வுகளை எழுதிக் குவித்தால் வேகம் வந்துவிடாதா என்று கேட்கலாம். வரும், ஆனால் பிழையின் காரணத்தைப் பார்க்காமல் அடுத்த தாளுக்குத் தாவினால் அதே பிழைதான் வேகமாக நடக்கும். விதியைத் தவறாகப் படித்தோமா, சொந்த நியாயத்தைப் பத்திக்குள் நுழைத்தோமா என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைக்க வேண்டும். தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் குறையும் என அஞ்சி, விடையே எழுதாமல் விடுவதும் இழப்புதான்: நான்கு விடைத் தெரிவுகளில் இரண்டை உறுதியாக விலக்கிவிட்டால், ஊகத்துக்குச் சராசரியாக 0.375 மதிப்பெண் கிடைக்கும். ஆங்கிலத்தில் மட்டுமே தேர்வு நடப்பது தமிழ்வழி மாணவருக்குப் பெருஞ்சுமை, அது அநீதி என்றே கருதுகிறேன். அது மாறும்வரை, அவர்கள் பயிற்சித்தாளுக்கு முன்பே ஆங்கில நாளிதழ்த் தலையங்கத்தை அன்றாடம் நிதானமாகப் படிக்கத் தொடங்க வேண்டும்.