நுண்குழல்களும் செங்காந்தளும்

உயிரணுவினுள் பரவியிருக்கும் புரத இழைகளுள் மிகவும் விறைப்பானவை நுண்குழல்கள். ஆல்ஃபா, பீட்டா எனும் இரு டியூபுலின் புரதங்கள் இணைந்த, ஏறத்தாழ 8 நானோமீட்டர் நீளமுள்ள அலகுகள் வரிசையாகக் கோக்கப்பட்டு நூல்களாகின்றன. அத்தகைய நூல்கள், பெரும்பாலும் 13, பக்கவாட்டில் ஒட்டி, 25 நானோமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற குழலாகின்றன. ஆக்டின் எனும் மெல்லிய இழை வெப்ப அசைவினால் 20 மைக்ரோமீட்டர் தொலைவுக்குள்ளேயே வளைந்துவிட, நுண்குழலோ உயிரணுவின் முழு நீளத்துக்கும் ஏறக்குறைய நேராகவே நிற்கும் வலிமை பெற்றது.

இத்துணை உறுதியான கட்டமைப்பு நிலையாக இருப்பதில்லை என்பதே வியப்பு. ஒரே கரைசலில் சில குழல்கள் நீண்டுகொண்டிருக்கையில் வேறு சில திடீரெனச் சரிகின்றன என்பதை 1984இல் டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் காட்டினர். குவனோசின் டிரைபாஸ்பேட் எனும் ஆற்றல்மிகு மூலக்கூறைத் தாங்கியே ஒவ்வோர் அலகும் குழலின் நுனியில் வந்து சேர்கிறது. சேர்ந்தபின் அதிலிருந்து ஒரு பாஸ்பேட் பிரிந்துவிட, அந்த அலகு வளைய முற்பட்டாலும், நுனியிலுள்ள புதிய அலகுகள் தொப்பிபோல் இறுக்கிப் பிடித்திருப்பதால் குழல் சிதையாமல் நிற்கிறது. அந்தத் தொப்பி கரைந்ததும், அடக்கிவைக்கப்பட்டிருந்த இறுக்கம் விடுபட்டு, நூல்கள் வெளிநோக்கிச் சுருண்டு உதிர்கின்றன. வீண்செலவாகத் தோன்றும் இந்தச் சரிவுதான் உயிரணுப் பிரிவின்போது உழைப்பாகிறது: வளர்ந்தும் சுருங்கியும் துழாவும் குழல்கள் குரோமோசோம்களைப் பற்றிக்கொள்கின்றன, பின்னர் சுருங்கும் குழல் அவற்றை எதிரெதிர் முனைகளுக்கு இழுத்துச் செல்கிறது.

ஆகவே, குழல்களைக் கட்டவிடாமல் தடுத்தாலும், கலையவிடாமல் தடுத்தாலும், பிரிவு நின்றுவிடும். ஊசியிலை மரமான யூவின் பட்டையில் கிடைத்த டாக்சால் குழல்களைக் கலையவிடாமல் பிடித்து வைக்கிறது. நித்தியகல்யாணியின் வின்கிரிஸ்டின் அவற்றைக் கட்டவிடுவதில்லை. இரண்டுமே புற்றுநோய் மருந்துகள். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் உள்ள கொல்கிசின், கட்டுமானத்தைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. 1960களில் கொல்கிசின் எதைப் பற்றுகிறது என்று தேடிய ஆய்வுகளே டியூபுலினை அடையாளம் காண வழிவகுத்தன என்பதால், நுண்குழல் ஆய்வின் வரலாற்றிலும் அதற்குப் பங்குண்டு. கொல்கிசினுக்காகவே ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதி விவசாயிகள் இச்செடியைப் பயிரிட்டு விதைகளை விற்கின்றனர். யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவீக்கத்துக்கு மருத்துவர் அளந்து தரும் அதே பொருள், அளவு சற்று மிகுந்தாலே குடல், எலும்பு மச்சை போன்று இடையறாது பிரியும் உயிரணுக்களை முதலில் தாக்குகிறது. கண்வலிக்கிழங்கு எனப்படும் செங்காந்தளின் கிழங்கைக் கைவைத்தியமாக ஒருபோதும் உட்கொள்ளலாகாது.