பற்றரியும் வயரும் சந்திக்கும் இடம்

தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டத் திருவிழாவைக் கண்டவர்கள், வடமராட்சி இளைஞரின் கைத்திறனுக்கு வேறு சான்று கேட்கமாட்டார்கள். இருள் சூழ்ந்தபின் விண் கூவ, வண்ண விளக்குகளுடன் வானில் நிற்கும் பட்டங்களுக்கு ஒளி கொடுப்பது ஒரு சிறிய பற்றரியே. அதன் வயரை விரலால் முறுக்கி, மேலே நாடாவைச் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. அயலூராகிய தொண்டைமானாற்றிலும் பிள்ளைகள் இவ்வாறே செய்கின்றனர்; தீங்கொன்றும் நேர்வதில்லை.

முறுக்கி ஒட்டும் இப்பழக்கம் எங்கள் தலைமுறையிலிருந்தே வந்தது எனலாம். 1990க்குப் பின் குடாநாடு ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி இருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் துணையால் வானொலி கேட்டோம். பெரியவர்கள் செய்தி கேட்பார்கள். சுற்றுகிற பொறுப்பு என்னைப் போன்ற சிறுவர்களுடையது. அந்த டைனமோ தரக்கூடியது 6 வோல்ற்றில் 3 வாற்று, அதாவது அரை அம்பியர். அந்த அளவு மின்னோட்டத்துக்கு எந்த இணைப்பும் போதுமானதே.

2022ஆம் ஆண்டு பெற்றோலுக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்களில், என்னிடம் படித்த மாணவன் ஒருவன் தந்தையின் சைக்கிளில் மோட்டர் பூட்டினான். 500 வாற்று மோட்டர். 36 வோல்ற்று இலித்தியம் பற்றரி. பாலத்தைக் கடந்து சந்நிதி கோயில்வரை மிதியாமலே போய்வந்தான். ஊரே வியந்தது. நானும் வியந்தேன். ஆனால் ஆசனத்தின் கீழே பார்த்தபோது, பற்றரியின் வயரும் மோட்டரின் வயரும் முறுக்கி, நாடா சுற்றப்பட்டிருந்தன.

“தம்பி, இது ஆபத்தல்லவா?” என்றேன்.

“இல்லை சேர். 36 வோல்ற்றுத்தானே, தொட்டாலும் அடிக்காது” என்றான்.

அவன் கூறியது முழுவதும் பிழையன்று. உலர்ந்த கையை அந்த வோல்ற்றளவு பெரும்பாலும் தாக்காது. ஆனால் இங்கே அஞ்சவேண்டியது அதிர்ச்சிக்கன்று, வெப்பத்துக்கு. ஓர் இணைப்பில் எழும் வெப்பம், மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, மீண்டும் தடையால் பெருக்கக் கிடைப்பது என்பதை வகுப்பில் எல்லோரும் எழுதியிருக்கிறோம். தளர்ந்த முறுக்கின் தடை ஓம் ஒன்றின் பத்திலொரு பங்கு என்று கொள்வோம். டைனமோவின் அரை அம்பியர் ஓடும்போது அங்கு எழுவது ஒரு வாற்றின் நாற்பதிலொரு பங்கு. சைக்கிள் புறப்படும்போது 25 அம்பியர் ஓடுமானால், அதே முறுக்கில் 62 வாற்றுக்கு மேல்! ஈயப்பற்று வைக்கும் நல்லதொரு சூட்டுக்கோலின் வெப்பம் இதுவே. அதைப் பற்றரியின் அருகில் வைத்துக்கொண்டுதான் பையன் கோயிலுக்குப் போய்வந்தான்.

முறுக்கிய புதிதில் செம்பு பளபளப்பாயிருக்கும், தடையும் குறைவு. நமதூரோ கடலும் நீரேரியும் சந்திக்கும் இடம். உப்புக்காற்று ஒரு மழைக்காலத்துக்குள் செம்பிலே பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். தடை கூட வெப்பம் கூடும். வெப்பம் கூட முறுக்குத் தளரும். தளரத் தடை மேலும் கூடும். “முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லையே” என்ற துணிவு ஆபத்தாவது இதனாலேதான். என் மாணவனின் நாடா இரண்டாம் மாதத்தில் உருகி மணந்தது. நல்லகாலம், மணம் முந்திக்கொண்டது.

கடைக்காரர் ‘கொனெக்ரர்’ என்று கூறும் இணைப்பிகளுள் இன்று மிகுதியாய்ப் பயன்படுவது எக்ஸ்.ரி.60 என்ற மஞ்சள் நிற வகை. பொன்முலாம் பூசிய ஊசிகளையுடையது. தலைகீழாய்ச் செருக முடியாதபடி ஒரு பக்கம் சரிந்திருக்கும். செவ்வையாகப் பற்றவைத்தால் அதன் தடை ஓம் ஒன்றின் ஆயிரத்திலொரு பங்களவே. மேற்கூறிய 25 அம்பியருக்கு ஒரு வாற்றுக்கூட எழாது. ஆயினும் பெயரிலுள்ள எண்ணைப் பார்த்து ஏமாறலாகாது. 60 என்பது கணநேரம் தாங்கும் அம்பியர். இடைவிடாது ஓடுவதற்கு உரியது அதிற் பாதியான 30. இவ்வாறே எக்ஸ்.ரி.30க்கு 15, எக்ஸ்.ரி.90க்கு 45. மலிவான போலிகளும் சந்தையில் உண்டு. செருகும்போது இறுக்கமில்லாததை, அரைவிலைக்குத் தந்தாலும் வாங்கவேண்டாம். வானொலி அன்பர்கள் விரும்பும் அண்டர்சன் பவர்போல் என்பது வேறொரு வகை. அதில் ஆண், பெண் என்ற பேதமே இல்லை, இரு பாதிகளும் ஒன்றே.

பேதமுள்ளவற்றில், உலோகம் வெளியே தெரியாத பெண்பாதியே பற்றரியின் பக்கம் இருத்தல்வேண்டும். ஊசி நீட்டிய பாதியை அங்கே பொருத்தினால், சட்டைப்பையிலுள்ள ஒரு திறப்பே இரு முனைகளையும் இணைத்துவிடும். பற்றவைக்கும்போது இரு பாதிகளையும் ஒன்றாய்ச் செருகி வைத்துக்கொள்வது நன்று. நைலோன் இளகினாலும் ஊசி விலகாது. இனிச் சொல்வதை இளைஞர்கள் கவனிக்க: பழைய இணைப்பியை நீக்குகையில் பற்றரியின் இரு வயர்களையும் ஒரே வெட்டில் நறுக்கக்கூடாது. கத்தரியின் அலகே இரண்டையும் இணைத்துப் பொறி கக்கும். ஒன்றை வெட்டி, நாடா சுற்றிய பின்பே மற்றதைத் தொடவேண்டும். பற்றரிக்கு அருகிலே தகுந்த பியூஸ் ஒன்றும் இருக்கட்டும்.

செருகும் கணத்தில் ‘டப்’ என்றொரு பொறி பறப்பதைப் பலர் கண்டிருப்பர். மோட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள கொள்ளளவிகள் வெறுமையாயிருந்து, திடீரென மின்னை உறிஞ்சுவதே காரணம். நாளடைவில் அப்பொறி பொன்முலாமைத் தின்றுவிடும். வோல்ற்றளவு கூடக்கூட இத்தொல்லையும் கூடும். எக்ஸ்.ரி.90-எஸ் என்ற வகையில் முதலில் தொடும் இடத்திலே ஒரு சிறு தடையை மறைத்துவைத்திருக்கிறார்கள்; பொறி எழாது.

என் மாணவன் அதையே வாங்கிப் பூட்டினான். இப்போதும் சைக்கிளை நிறுத்தியவுடன் ஆசனத்தின் கீழே கைவிட்டு, இணைப்பி சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கிறான். கோயில் வீதியில் காண்போர், அவன் பணப்பையைத் தேடுவதாக எண்ணுகிறார்களாம்.