மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள்

பெற்றோலுக்கென அமைந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் இயங்குமோ என்னும் வினா யாழ்ப்பாணத்தாருக்கு வெறும் ஏட்டு வினாவன்று. 1990ஆம் ஆண்டு ஆனித் திங்களிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அரிதிற் கிடைத்த மண்ணெண்ணெயாலேயே வீட்டு விளக்கும் எரியவேண்டியிருந்தது. நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் காரும் ஓடவேண்டியிருந்தது. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய பிரித்தானியக் கார்கள் அவ்வாறு ஓடியதை முதியோர் பலரும் கண்டிருப்பர். அவை ஓடியமைக்குக் காரணம் யாதென ஈண்டு நோக்குவாம்.

எரிபொருள் திரவமாயிருக்கையில் இயந்திரத்திற்குப் பயன்படாது. ஆவியாகிக் காற்றுடன் கலந்தபின்னரே செவ்வனே எரியும். பெற்றோலின் இலேசான கூறுகள் ஏறக்குறைய 35 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 150 பாகை வேண்டும். ஆகவே குளிர்ந்த இயந்திரத்தில், காபரேற்றர் தெளிக்கும் மண்ணெண்ணெய்த் துளிகள் உட்செல்லும் குழாயின் சுவரிற் படிந்து, பிளக்கையும் நனைத்துவிடும். இதனாலேயே, சிறு போத்தலிற் பேணிய பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு இயந்திரத்தை முதலில் எழுப்பினர்.

எழுந்த இயந்திரம் தொடர்ந்து ஓடுதற்கு வெப்பம் வேண்டும். அதனை அளித்தது மெக்கானிக்குகள் 'மனிபோல்ட்' என வழங்கும் குழாயமைப்பேயாகும். அப்பழைய இயந்திரங்கள் பலவற்றில் கலவை உட்செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டு நிற்கும். புகையின் சூடு காபரேற்றரின் அடியைத் தாக்கித் துளிகளை ஆவியாக்கும். இங்கிலாந்தின் குளிரை எண்ணி அமைத்த ஒழுங்கு வெப்பநாட்டில் மண்ணெண்ணெய்க்கு உதவியது வியப்பன்றோ! இரு குழாய்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த பிற்கால இயந்திரங்களில் இவ்வுதவி கிட்டாது. ஆதலின் ஓரியந்திரத்தின் மனிபோல்ட்டை வேறோர் இயந்திரத்தின் தலையிற் பொருத்துவோர், துளைகள் நேர்ப்படுவதை மட்டும் பார்த்தல் போதாது. காற்றுக் கசியாமையையும் சூடு சேருமிடத்தையும் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது காரணம் நெருக்கல் விகிதமாகும். மண்ணெண்ணெய் மிகுதியாக நெருக்கப்படின், பொறி எழுமுன்னரோ பின்னரோ தானே தீப்பற்றி முசலத்தைத் தட்டும். பழைய இயந்திரங்களின் விகிதம் குறைவாயிருந்தமையால் அவை அத்தட்டுதலை ஓரளவு தாங்கின. 1949இல் வெளிவந்த பேகசன் டீஈடீ 20 உழவு இயந்திரம் இதற்கென்றே குறைந்த விகிதத்துடன் அமைக்கப்பட்டது. பெற்றோலில் எழுந்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு ஒத்த எரிபொருளுக்கு மாறுவது அதன் இயல்பு. எமது கார்கள் அவ்வாறு அமைக்கப்பட்டவையல்ல. ஆதலின் அவை அதற்குரிய விலையைக் கொடுத்தன. எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவர்வழியே கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது, தாங்கிகள் தேய்ந்தன, பிளக்கிற் கரி படிந்தது, வெண்புகை வீதியை மூடியது. மசகெண்ணெயை அடிக்கடி மாற்றுவதே மருந்தெனினும், அம்மருந்தும் அந்நாளில் அரிதாயிருந்தது.

கொதிநிலை, ஆவியாதல், நெருக்கல் என மாணவர் வகுப்பில் மனனஞ் செய்யும் சொற்கள், அக்காலத்து ஒரு நோயாளி உரிய வேளையில் வைத்தியசாலையை அடைவதும் அடையாமையுமாய் நின்றன. பட்டம் பெறாத மெக்கானிக்குகள் கைப்பழக்கத்தாற் கண்டவற்றின் காரணத்தை அறிந்து கற்பிப்பது கற்றோரின் கடனாகும்.