ஐந்தெழுத்துத் தையல்

அதோ, வருகிறது! ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் ஒடுங்கிய கூம்புப் பெட்டகம். நீளம் சுமார் 120 நானோமீட்டர். 1,500 புரதங்கள்வரை கோத்துச் செய்தது. நாம் நிற்பது மனித வெள்ளையணு ஒன்றின் உட்கரு வாசலில், வருவது எச்.ஐ.வி.

இந்தப் பெட்டகம் வாசலுக்கு வெளியிலேயே உடைந்துவிடும் என்றுதான் பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. 2020ஐ ஒட்டி வெளியான நுண்ணோக்கிப் படங்களில் பார்த்தால், உட்கருத் துளைக்குள் முழுசாக நுழைந்துகொண்டிருக்கிறது! அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

உள்ளே இருப்பது ஆர்.என்.ஏ.; ஏறத்தாழ 9,700 எழுத்துகள். அதை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதும் வேலை வழியிலேயே நடக்கிறது. இப்படித் திருப்பி எழுதும் நொதி ஒன்று இருக்க முடியும் என்பதையே பலர் ஏற்காத காலம் ஒன்று உண்டு. ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் 1970இல் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தார்கள். ஐந்தே ஆண்டில் நோபல் பரிசு!

இனிதான் நான் காட்ட ஆசைப்பட்ட காட்சி. இன்டகிரேஸ் என்ற நொதி, வைரஸ் டி.என்.ஏ.வின் இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. நம் செல்லின் சொந்தப் புரதம் ஒன்று அதைச் சுறுசுறுப்பாக இயங்கும் ஜீன்கள் பக்கம் கூட்டிப்போகிறது. நன்றாக உற்றுப் பாருங்கள்: ஒவ்வொரு நுனியிலும் ஓர் இழையிலிருந்து ஜி, டி என்ற இரண்டே எழுத்துகள் நறுக்கப்படுகின்றன. இப்போது ஊசி தயார். அந்த இரு நுனிகளும் நம் டி.என்.ஏ.வின் இரு இழைகளில், ஐந்தெழுத்து தள்ளித்தள்ளி இறங்குகின்றன. வெட்டுவதும் ஒட்டுவதும் ஒரே வினை. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.கூடச் செலவில்லை!

இரண்டு ஓரத்திலும் சின்ன இடைவெளி மிஞ்சுகிறது. அதை மூடுவது யார் தெரியுமா? நம் செல்லேதான். டி.என்.ஏ. சேதமாகிவிட்டதென்று பழுதுபார்க்கும் நொதிகள் ஓடிவந்து நிரப்பி, ஒட்டி, வைரஸின் தையலை முடித்துக் கொடுத்துவிடுகின்றன. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்படி நிரப்பும்போது அந்த ஐந்தெழுத்து வைரஸின் இரு பக்கமும் இரட்டித்துப்போகிறது. அதுதான் தையல் தடம். எலி ரத்தப்புற்று வைரஸுக்கு இந்தக் கணக்கு நாலு. கோழிகளைத் தாக்கும் ரௌஸ் வைரஸுக்கு ஆறு. நம் மரபணுத் தொகுதியில் சுமார் 8 சதவீதம், இப்படித் தைத்துக்கொள்ளும் ரெட்ரோவைரஸ்களின் எச்சம்தான். லட்சக்கணக்கான ஆண்டுகள் பழைய தையல்களில்கூட இந்தத் தடத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள்!

2010இல் லண்டனில் பீட்டர் செரெபனோவின் குழு, இதே குடும்பத்து ஃபோமி வைரஸின் இன்டகிரேஸ் டி.என்.ஏ. நுனிகளைப் பிடித்திருக்கும் கோலத்தை அணு அணுவாகப் படம்பிடித்தது. இன்டகிரேஸைத் தடுக்கும் மருந்து எங்கே உட்காருகிறது என்பதும் அதில் தெரிந்தது. இன்று எச்.ஐ.வி. சிகிச்சை தரும் நம் ஏ.ஆர்.டி. மையங்களில் கொடுக்கும் மாத்திரையிலுள்ள டோலூடெகிராவிரும் அதே இடத்தைத்தான் பிடிக்கிறது. ஒருமுறை தைத்ததை அதனால் பிரிக்க முடியாது. அதனால்தான் தினமும் ஒன்று, வாழ்நாள் முழுக்க. ஆனால் புதுத் தையல் விழ விடாது. நொதியின் மையத்தில் இரண்டு மக்னீசிய அயனிகள் இருக்கின்றன. மருந்து அவற்றைப் பற்றிக்கொண்டு, வைரஸ் நுனியின் கடைசி எழுத்தை ஓரம் தள்ளுகிறது. நொதி அங்கேயே நிற்கிறது, நுனிகளைப் பிடித்தபடி, ஊசியை இறக்க முடியாமல்.