குறைந்த விலைச் செயலித் தேர்வு

குறைந்த விலைச் செயலித் தேர்வு என்பது, அன்றாடப் பணிகளுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் ஒருங்கே பயன்படும் மேசைக் கணினிக்கு, வரையறுக்கப்பட்ட தொகைக்குள் மையச் செயற்பகுதியைத் (செயலி அல்லது புராசசர்) தெரிவு செய்யும் முறையைக் குறிக்கும். செயலியின் விலையை மட்டும் ஒப்பிடுவது இத்தேர்வில் போதுமானதன்று. ஒவ்வொரு செயலியும் தனக்குரிய தாய்ப்பலகையையும் (மதர்போர்டு), நினைவகத்தையும் (ரேம்), சில வேளைகளில் தனி வரைகலை அட்டையையும் (கிராபிக்ஸ் கார்டு) கோருகின்றது. இவற்றின் கூட்டு விலையே உண்மையான விலையாகும்.

விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை ஒன்றியத்தில் உள்ள தாயில்பட்டி, பட்டாசு மற்றும் தீப்பெட்டித் தொழில் சார்ந்த ஊராகும். அருகிலுள்ள சிவகாசி அச்சுத் தொழிலுக்கும் பெயர் பெற்றது. இப்பகுதியில், பகலில் நாட்காட்டி அல்லது பட்டாசுப் பெட்டியின் மேலுறை வடிவமைப்புக்கும், மாலையில் பாடங்களுக்கும் விளையாட்டுக்கும் பயன்படும் ஒரு வீட்டுக் கணினி இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே கணினி வாங்க இயலும் குடும்பத்திற்கு, தவறான தேர்வு பல ஆண்டுகள் நீடிக்கும் இழப்பாகும்.

செயலியின் கூறுகள்

ஒரு செயலியின் திறன் பின்வரும் கூறுகளால் அமைகின்றது.

* கரு (கோர்): கட்டளைகளைத் தனித்து நிறைவேற்றும் பகுதி. பல கருக்கள் இருந்தால் பல பணிகள் ஒரே நேரத்தில் நடைபெறும்.
* இழை (திரெட்): ஒரு கரு ஒரே நேரத்தில் ஏற்கும் பணி வரிசை. பல செயலிகளில் ஒரு கரு இரண்டு இழைகளை ஏற்கும். இதனால் கருவின் திறன் இரு மடங்காவதில்லை. ஓய்வாக இருக்கும் உறுப்புகள் பயன்படுத்தப்படுகின்றன.
* கடிகார வேகம்: ஒரு நொடியில் நிகழும் துடிப்புகளின் எண்ணிக்கை. இது கிகாஹெர்ட்சில் அளக்கப்படுகின்றது.
* பதுக்கு நினைவகம் (கேஷ்): அடிக்கடி தேவைப்படும் தரவுகளைச் செயலிக்குள்ளேயே வைத்திருக்கும் விரைவான நினைவகம்.
* தலைமுறை: ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடியும் என்பதைத் தீர்மானிக்கும் உள்வடிவமைப்பு.

விளம்பரங்களில் முதல் மூன்று கூறுகளே பெரிதாகக் காட்டப்படுகின்றன. ஆனால் தலைமுறையைக் கருதாமல் அவற்றை ஒப்பிட இயலாது. 2011இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ7-2600 செயலியில் 4 கருக்களும் 8 இழைகளும் உள்ளன. உச்ச வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ். 2022இல் வெளிவந்த கோர் ஐ3-12100 செயலியிலும் அதே 4 கருக்களும் 8 இழைகளும் உள்ளன. உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ். வேக வேறுபாடு சிறிதே ஆயினும், ஒற்றைக் கருவின் செயல்திறனில் ஐ3-12100 ஏறத்தாழ இரு மடங்கு விரைவானது. ஆகவே ஐ3, ஐ5, ஐ7 என்னும் பெயர்கள் ஒரே தலைமுறைக்குள் மட்டுமே தரவரிசையைக் காட்டும். "ஐ7 கணினி" என்று மட்டும் கூறி விற்கப்படும் பழைய கணினியில், பெயருக்குப் பின் வரும் எண்ணைக் கேட்டறிதல் வேண்டும்.

வரலாறு

விலை குறைந்த செயலிகளைத் தனிப் பெயரில் விற்கும் வழக்கம் 1998இல் இன்டெல் நிறுவனத்தின் செலரான் செயலியுடன் பரவலானது. முதல் செலரானில் இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகம் முழுவதுமாக நீக்கப்பட்டிருந்தது. இதனால் அதன் செயல்திறன் பெரிதும் குறைந்தது. அதே ஆண்டில் வெளிவந்த செலரான் 300ஏ செயலியில் 128 கிலோபைட்டு பதுக்கு நினைவகம் சேர்க்கப்பட்டது; அது விலைக்கு மிஞ்சிய திறனுடையதாகப் புகழ் பெற்றது. ஏஎம்டி நிறுவனம் 2000இல் டியூரான் செயலியைக் கொண்டு இச்சந்தையில் போட்டியிட்டது.

2017இல் வெளிவந்த பென்டியம் ஜி4560 செயலி, 2 கருக்களில் 4 இழைகளைக் குறைந்த விலைக்கு அளித்தது. 2018இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 3 2200ஜி, 4 கருக்களுடன் விளையாட்டுகளுக்கு ஓரளவு போதுமான வரைகலைப் பகுதியையும் ஒரே சில்லில் கொண்டிருந்தது. தனி அட்டை வாங்க இயலாதோரும் விளையாடலாம் என்னும் நிலை இதனால் வலுப்பெற்றது. மடிக்கணினிகளில் பென்டியம், செலரான் பெயர்களைக் கைவிடுவதாக இன்டெல் 2022இல் அறிவித்தது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் "சக்தி" என்னும் செயலிக் குடும்பத்தை வடிவமைத்துள்ளது. 2018இல் அதன் சில்லுகள் உருவாக்கப்பட்டன. ரிஸ்க்-5 என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றும் இது, விண்டோஸ் மென்பொருள்கள் எதிர்பார்க்கும் எக்ஸ்86 கட்டளைகளை நேரடியாக ஏற்பதில்லை. எனவே வீட்டு மேசைக் கணினிக்கான தேர்வு நடைமுறையில் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரண்டிற்குள்ளேயே அமைகின்றது.

பயன்பாடும் தேவையும்

அன்றாடப் பணிகள்

இணைய உலாவல், தமிழ்த் தட்டச்சு, கணக்குப் பதிவு, இணைய வகுப்பு ஆகியவற்றுக்கு அண்மைத் தலைமுறையின் 4 கருச் செயலி போதுமானது. இப்பணிகளில் கணினி மந்தமாவதற்கு நினைவகப் பற்றாக்குறையும் பழைய வன்தட்டுமே பெரும்பாலும் காரணமாகின்றன. வன்தட்டுக்கு மாற்றாகத் திண்மநிலை வட்டு (எஸ்எஸ்டி) பொருத்துவது, செயலியை மாற்றுவதைவிட மிகுந்த பயனளிக்கும்.

அச்சு வடிவமைப்பு

அச்சு வடிவமைப்பில் நினைவகத்தின் தேவையைக் கணக்கிட்டுக் காணலாம். 20 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் கொண்ட நாட்காட்டித் தாளை, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் வடிவமைத்தால் 6000 x 9000, அதாவது 5.4 கோடிப் புள்ளிகள் அமையும். நான்கு வண்ண அச்சில் ஒரு புள்ளிக்கு 4 பைட்டுகள் வேண்டும். எனவே ஓர் அடுக்குக்கு (லேயர்) 216 மெகாபைட்டும், முழுதும் நிரம்பிய 10 அடுக்குகளுக்கு 2 கிகாபைட்டுக்கு மேலும் தேவைப்படும். இயங்குதளமும் பிற மென்பொருள்களும் சேரும்போது 8 கிகாபைட்டு நினைவகம் விரைவில் நிரம்பும். நிரம்பியபின் கணினி வட்டையே நினைவகமாகப் பயன்படுத்தும். அந்நிலையில் எவ்வளவு விரைவான செயலியும் காத்திருக்கவே செய்யும். இப்பணிக்கு 16 கிகாபைட்டு நினைவகம் ஏற்றது.

விளையாட்டு

விளையாட்டில் திரையில் தோன்றும் ஒவ்வொரு படச்சட்டமும் இரு நிலைகளில் உருவாகின்றது. பாத்திரங்களின் அசைவு, மோதல், எதிராளியின் நகர்வு ஆகியவற்றைச் செயலி கணக்கிடுகின்றது. அக்கணக்கின்படி வரைகலைச் செயலி படத்தை வரைகின்றது. இவ்விரண்டும் தொடர் வரிசையில் இயங்குவதால், மெதுவான நிலையே மொத்த வேகத்தைத் தீர்மானிக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு படச்சட்டத்திற்குச் செயலி 10 மில்லிநொடியும் வரைகலைச் செயலி 25 மில்லிநொடியும் எடுத்துக்கொண்டால், நொடிக்கு 40 படச்சட்டங்களே கிடைக்கும். செயலியை மாற்றி அதன் நேரத்தை 5 மில்லிநொடியாகக் குறைத்தாலும் எண்ணிக்கை 40 ஆகவே இருக்கும். நொடிக்கு 60 படச்சட்டங்கள் பெற இரு நிலைகளும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் முடிதல் வேண்டும்.

வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில், குறைந்த வரைகலை அமைப்பில் செயலியின் பங்கு மிகுதி. பரந்த காட்சிகளும் நுணுக்கமான ஒளியமைப்பும் கொண்ட விளையாட்டுகளில் வரைகலைச் செயலியின் பங்கு மிகுதி. எந்த விளையாட்டு என்பதை முதலில் முடிவு செய்தால் செலவு எங்குச் செல்ல வேண்டும் என்பது தெளிவாகும்.

உள்ளிணைந்த வரைகலையும் தனி அட்டையும்

செயலிப் பெயரின் இறுதி எழுத்து முக்கியமானது. இன்டெல் பெயர்களில் "எஃப்" இருந்தால் அச்செயலியில் வரைகலைப் பகுதி இல்லை. கோர் ஐ3-12100எஃப் செயலியைத் தனி அட்டையின்றி வாங்கினால் திரையில் எதுவும் தோன்றாது. ஏஎம்டியின் 5000 வரிசை மேசைக் கணினிச் செயலிகளில் "ஜி" இருந்தால் வரைகலைப் பகுதி உண்டு. ரைசன் 5 5600, 5500 ஆகியவற்றில் இல்லை. இவ்விரண்டிலும் 6 கருக்களும் 12 இழைகளும் உள்ளன. ஆனால் மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகம் 5600இல் 32 மெகாபைட்டு, 5500இலும் 5600ஜியிலும் 16 மெகாபைட்டு. தனி அட்டையுடன் விளையாடுவோருக்கு இவ்வேறுபாடு உணரத்தக்கது.

உள்ளிணைந்த வரைகலைக்குத் தனி நினைவகம் இல்லை. கணினியின் பொது நினைவகத்தையே அது பகிர்ந்துகொள்கின்றது. டிடிஆர்4-3200 வகை நினைவகத் துண்டு ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 கிகாபைட்டு தரவு செல்லும். இரு துண்டுகளை இரு தடங்களில் பொருத்தினால் 51.2 கிகாபைட்டு செல்லும். எனவே உள்ளிணைந்த வரைகலையில் விளையாடுவோர், 16 கிகாபைட்டுத் துண்டு ஒன்றைவிட 8 கிகாபைட்டுத் துண்டுகள் இரண்டைத் தெரிவு செய்தல் நன்று. ஒப்பீட்டுக்கு, ரேடியான் ஆர்எக்ஸ் 6600 என்னும் தனி அட்டையின் நினைவக வேகம் நொடிக்கு 224 கிகாபைட்டு ஆகும். உள்ளிணைந்த வரைகலை ஒரு நல்ல அட்டையை எட்ட இயலாமைக்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

தாய்ப்பலகையும் நினைவகமும்

செயலி பொருந்தும் சாக்கெட்டே பிற்கால மேம்பாட்டைத் தீர்மானிக்கின்றது.

* ஏஎம்4: 2017இல் ரைசனுடன் பரவலானது. டிடிஆர்4 நினைவகத்தை ஏற்கும். தொடக்கச் செலவு குறைவு. ஆனால் இதன் வளர்ச்சி இறுதிக்கட்டத்தை அடைந்துவிட்டது.
* எல்ஜிஏ1700: இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்குரியது. பலகையைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 நினைவகத்தை ஏற்கும். ஒரே பலகை இரண்டையும் ஏற்பது அரிது.
* ஏஎம்5: 2022இல் வெளிவந்தது. டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். தொடக்கச் செலவு மிகுதியாயினும் பிற்காலத்தில் செயலியை மட்டும் மாற்ற வாய்ப்பளிக்கின்றது.

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுமையாக உயர்ந்தது. இத்தகைய காலங்களில் செயலியில் மிச்சப்படுத்திய தொகை நினைவகத்தில் கரைந்துவிடும். பழைய கணினியில் டிடிஆர்4 நினைவகம் இருப்பின், அதை ஏற்கும் பலகையைத் தெரிவு செய்வது மொத்தச் செலவைக் குறைக்கும்.

பழைய செயலிகள்

அலுவலகங்களில் கழிக்கப்பட்ட கணினிகள் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. தட்டச்சுக்கும் உலாவலுக்கும் இவை பயன்படும். எனினும் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11 முறையாக ஏற்பவை, பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும், ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தையவையும் ஆகும். ரைசன் 3 2200ஜி பெயரளவில் 2000 வரிசையாயினும் முதல் தலைமுறை வடிவமைப்பு உடையதாதலால் அப்பட்டியலில் இல்லை. லினக்சு இயங்குதளத்திற்கு இத்தடை இல்லை. ஆனால் வாலரண்ட் போன்ற சில விளையாட்டுகள் லினக்சில் இயங்குவதில்லை.

வெப்பமும் மின்சாரமும்

கோடையில் விருதுநகர் மாவட்டத்தின் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசை நெருங்கும். குளிர்விப்பான் செயலியைக் காற்றின் வெப்பத்திற்குக் கீழே குளிர்விக்க இயலாது. காற்றுக்கும் செயலிக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே குறைக்க இயலும். 25 பாகை அறையில் 75 பாகையில் இயங்கும் செயலி, 40 பாகை அறையில் ஏறத்தாழ 90 பாகையை எட்டும். ரைசன் 5 5600ஜியின் உச்ச வரம்பு 95 பாகை, ஐ3-12100இன் வரம்பு 100 பாகை. வரம்பை எட்டிய செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே குளிரூட்டப்படாத அறையில், மின்நுகர்வு மிகுந்த செயலிக்குக் கொடுத்த விலையின் ஒரு பகுதி வீணாகலாம். 65 வாட்டு அளவிலான செயலி, காற்றோட்டமுள்ள கேபினெட், அவ்வப்போது தூசி நீக்கப்படும் விசிறி ஆகியவை இங்கு ஏற்றவை.

150 வாட்டு செலவிடும் கணினியை நாள்தோறும் 4 மணி நேரம் இயக்கினால், 60 நாட்களில் 36 அலகு மின்சாரம் செலவாகும். தனி அட்டையுடன் 250 வாட்டு செலவிடுமாயின் 60 அலகுகள் ஆகும். கேபினெட்டுடன் இலவசமாக வரும் தரமற்ற மின்வழங்கியைத் (எஸ்எம்பிஎஸ்) தனி அட்டையுள்ள கணினிக்குப் பயன்படுத்துதல் தவிர்க்கத்தக்கது.

தெரிவு செய்யும் ஒழுங்கு

1. விளையாட்டுகளையும் மென்பொருள்களையும் பட்டியலிட்டு, தனி அட்டை தேவையா என முடிவு செய்தல்.
2. தனி அட்டை வேண்டாமெனில், நல்ல உள்ளிணைந்த வரைகலையுள்ள செயலியையும் (ரைசன் 5 5600ஜி, 8600ஜி போன்றவை) இரு நினைவகத் துண்டுகளையும் தெரிவு செய்தல்.
3. தனி அட்டை உண்டெனில், ஐ3-12100எஃப் அல்லது ரைசன் 5 5600 போன்ற செயலியுடன் நிறுத்தி, மீதித் தொகையை அட்டைக்கு ஒதுக்குதல்.
4. அட்டையைப் பின்னர் வாங்கும் எண்ணமிருப்பின், வரைகலைப் பகுதியுள்ள செயலியையும் போதிய மின்வழங்கியையும் முதலிலேயே வாங்குதல்.
5. செயலி, பலகை, நினைவகம், மின்வழங்கி ஆகியவற்றின் மொத்த விலையை ஒப்பிடுதல்.
6. பெட்டியுடன் விற்கப்படும் செயலிக்கு இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் 3 ஆண்டு உத்தரவாதம் அளிக்கின்றன. பெட்டியின்றி விற்கப்படும் "ட்ரே" வகைக்கு அது பொருந்தாது. பழுதானால் பெருநகரச் சந்தைக்கு மீண்டும் செல்ல வேண்டிய சிற்றூர்களில் இவ்வேறுபாடு சிறிய விலைக் குறைப்பைவிடப் பெரிது.

இவற்றையும் பார்க்க

* மையச் செயற்பகுதி
* தாய்ப்பலகை
* வரைகலைச் செயலி
* பதுக்கு நினைவகம்